சேம் சைடு கோல்: யார் பெயரில் எழுதுவது?

சாமளாபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டுக்கு ஸ்கோர் எழுத உட்காருகிறவரை ரெட் கார்டுகூட அவ்வளவு படுத்தாது, சேம் சைடு கோல் படுத்திவிடும். பந்து டிஃபெண்டரின் முழங்காலில் பட்டு உள்ளே போகும். மைதானம் முழுக்கக் கூச்சல். ஷாட் அடித்த பையன் மேசைக்கு ஓடி வருவான்: “ஏனுங்ணா, அது என்ற கோலுதானுங்க? என்ற நம்பரையே போட்டுருங்க.” அவன் நகர்வதற்குள் அடுத்த அணி கேப்டன் வந்து நிற்பார்: “எங்க பையன் பேரப் போட்றாதீங்ணா. ஏற்கெனவே அழுதுட்டிருக்கான்.”

கோல் செல்லுமா என்று இருவரும் கேட்கவில்லை. ரெஃப்ரி விசில் ஊதியாயிற்று, ஸ்கோர் மாறியாயிற்று. பாக்கி இருப்பது பெயர். அதை எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் ஐஸ் ஹாக்கி, ஹாக்கி, ஃபுட்பால் மூன்றையும் பார்க்கப்போகிறோம். நொய்யல் கரையில் இருப்பவருக்கு ஐஸ் ஹாக்கி எதற்கு என்று தோன்றலாம். இங்கே ஐஸைப் பார்ப்பதே சர்பத் டம்ளரில்தான். ஆனால் கனடாவுக்குக் குடிபோன தமிழர்களின் பிள்ளைகள் அந்த ஆட்டத்துக்குள் போகிறார்கள். அங்கே சிறுவர் ஆட்டங்களில் கடிகாரம் பார்க்கவும் ஸ்கோர் ஷீட் எழுதவும் பெற்றோரையே கூப்பிட்டு உட்கார வைப்பது வழக்கம். நம் நாட்டிலும் லடாக்கில் குளிர்காலம் முழுக்க இந்த ஆட்டம்தான். இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பு நாடு. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் வெண்கலம் வாங்கி வந்தார்கள். இதையெல்லாம் விட்டாலும், சேம் சைடு கோல் யாருக்கு என்பதை விதிப்புத்தகத்திலேயே தெளிவாக எழுதிவைத்த ஆட்டம் அது. அங்கிருந்து தொடங்கினால் மற்ற இரண்டும் சுலபம்.

ஐஸ் ஹாக்கி: கடைசியாகத் தொட்ட எதிரணிக்காரர்

பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். ஸ்டிக்கால் அடித்தாலும் சரி, ஸ்கேட்டில் பட்டுச் சறுக்கினாலும் சரி, தடுக்கும் அணிக்காரர் பக்கைத் தன் வலைக்குள்ளேயே அனுப்பிவிட்டால் அது கோல். எதிரணியில் கடைசியாகப் பக்கைத் தொட்டவர் யாரோ, அவர் நம்பரைக் கோல் கட்டத்தில் எழுத வேண்டும். அசிஸ்ட் யாருக்கும் கிடையாது. வட அமெரிக்காவின் என்எச்எல் விதிப்புத்தகத்தில் இது 78ஆம் விதியில் வருகிறது. உள்ளே தள்ளியவர் பெயருக்கு ஷீட்டில் ஒரு மூலைகூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

புதிதாக எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாக்கும் அணிக்காரர் ஷாட் அடிக்கிறார், வழியில் டிஃபெண்டரின் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போகிறது. இதை சேம் சைடு கணக்கில் சேர்க்கக் கூடாது. அடித்தவருக்குக் கோல்; அவருக்கு முன் பாஸ் கொடுத்த இருவர் வரை அசிஸ்ட். வழியில் பட்டது அடித்தவரின் சொந்த அணிக்காரர் மீதென்றால், பட்டவருக்குக் கோல், அடித்தவருக்கு அசிஸ்ட். பக் தடுக்கும் அணியின் கைக்குப் போய், அவர்களே அதை உள்ளே அனுப்பினால் மட்டும் அசிஸ்ட் கட்டங்களில் கோடு போடுங்கள்.

விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 1986 ஏப்ரல் 30. எட்மண்டன் ஆயிலர்ஸ், கால்கரி ஃபிளேம்ஸ், பிளேஆஃபின் ஏழாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்மண்டன் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை வென்ற அணி, வெய்ன் கிரெட்ஸ்கி ஆடும் அணி. மூன்றாவது பீரியட், ஸ்கோர் 2–2. கால்கரியின் பெரி பெரிசான் பக்கை எட்மண்டன் பக்கத்துக்கு ஆழமாகத் தள்ளிவிட்டு, ஆள் மாற்றிக்கொள்ளப் பெஞ்சுக்குத் திரும்புகிறார். எட்மண்டன் டிஃபெண்டர் ஸ்டீவ் ஸ்மித்துக்கு அன்று 23ஆவது பிறந்தநாள். தன் வலைக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்து, குறுக்கே ஒரு நீளப் பாஸ் கொடுக்கப் பார்க்கிறார். அது தன் கீப்பர் கிராண்ட் ஃபூரின் காலில் பட்டு உள்ளே போய்விடுகிறது. கால்கரி 3–2. அதற்குப் பிறகு கோலே விழவில்லை.

ஷீட்டில் அந்தக் கோல் பெரிசானுக்கு. விழுந்தபோது அவர் பெஞ்சில். எட்மண்டனிலேயே பிறந்தவர், பிறந்த ஊரின் அணியை வெளியேற்றிய கோல் அவர் பெயரில் பதிவாகிவிட்டது. ஷீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்மித் என்று ஒருவர் இதில் சம்பந்தப்பட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் மறந்துவிட்டதா என்றால் இல்லை. இன்றுவரை அந்தக் கோலை ஸ்மித்தின் கோல் என்றுதான் பேசுகிறார்கள். மறு வருடம், 1987இல், எட்மண்டன் மறுபடி கோப்பை வென்றது. கேப்டன் கிரெட்ஸ்கி கோப்பையை முதலில் தூக்கிக் கொடுத்தது ஸ்மித்திடம்.

தவறியவரைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்று இரக்கமாக விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த ஷீட் யார் சம்பாதித்தார் என்று மட்டும் கேட்கிறது. பீஸ் ரேட் கணக்கு எழுதியவர்களுக்கு இது பட்டென்று விளங்கும்: பண்டலில் டேமேஜ் வந்தால் செக்கிங்கில் எந்த மெஷின் என்று தேடிப் பிடித்து அந்த டெய்லர் கணக்கில் ஏற்றுவார்கள். ஃபுட்பால் ஷீட் அந்த வழி. ஐஸ் ஹாக்கியில் டேமேஜ் நோட்டே வைத்திருக்கவில்லை. பிளஸ்-மைனஸ் என்று ஒரு கணக்கு உண்டு. சம ஆள் ஆடும்போது கோல் விழுந்தால் அப்போது பனிமேல் இருந்த வாங்கிய அணிக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு மைனஸ், போட்ட அணிக்காரர்களுக்கு ஒரு பிளஸ். அதிலும் தனி ஆள் மாட்டுவதில்லை. கோல் தன் பெயரில் இருந்தும், பெஞ்சில் இருந்ததால் பிளஸ் கிடைக்காமல் போவதும் இதனால்தான் நடக்கும்.

மேசையில் இருப்பவர் செய்ய வேண்டியது இதிலிருந்தே வருகிறது. கோல் விழுந்த பிறகு “கடைசியா யாருப்பா தொட்டது?” என்று சுற்றிலும் கேட்டால் ஆளுக்கொரு நம்பர் சொல்வார்கள். ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். பக் கைமாறும்போதெல்லாம் விட்ட அணியில் கடைசியாகத் தொட்டவர் நம்பரை அதில் கிறுக்குங்கள், பழையதை அடியுங்கள். எந்த நேரமும் அணிக்கு ஒன்றாக இரண்டு நம்பர் அடிபடாமல் இருக்க வேண்டும். ஜெர்சி நம்ம திருப்பூரிலேயே அச்சடித்ததாக இருந்தாலும் ஓடுகிற முதுகில் 6, 8, 9 மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். வார்ம்அப் நேரத்தில் இந்த நம்பர்காரர்களின் ஸ்டிக் டேப் நிறம், உயரம் எதையாவது குறித்துவைத்துக்கொள்வது உதவும்.

கீப்பர் தொட்டதும் தொட்டதுதான். இதை மறந்தால் அபூர்வமான கோல் ஒன்றைத் தப்பாக எழுதிவிடுவீர்கள். 1979 நவம்பர் 28 அன்று நியூயார்க் ஐலேண்டர்ஸ் கீப்பர் பில்லி ஸ்மித் பெயரில் ஒரு கோல் ஏறியது. என்எச்எல்லில் கோல் கணக்கில் வந்த முதல் கீப்பர் அவர். அவர் ஷாட் எதுவும் அடிக்கவில்லை. எதிரணியான கொலராடோ ராக்கீஸுக்குச் சாதகமாகப் பெனால்டி வரவிருந்ததால் அவர்கள் தங்கள் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கியிருந்தார்கள். ராப் ராமேஜ் பின்னால் கொடுத்த பாஸை எடுக்க ஆள் இல்லை. பக் மொத்த ரிங்கையும் கடந்து அவர்களுடைய காலி வலைக்குள் போய் விழுந்தது. ஐலேண்டர்ஸில் கடைசியாகப் பக் பட்டது பில்லி ஸ்மித் மீது. தானே குறிபார்த்து அடித்துக் கோல் போட்ட என்எச்எல் கீப்பர் வர இன்னும் எட்டு வருடம் ஆனது: ஃபிலடெல்ஃபியாவின் ரான் ஹெக்ஸ்டால், 1987 டிசம்பர் 8. மார்ட்டின் ப்ரோடூர் பெயரில் மூன்று கோல் உண்டு. 1997இல் விழுந்தது அவரே அடித்தது, 2000இலும் 2013இலும் விழுந்தவை எதிரணி தன் வலைக்குள் தானே அனுப்பியவை.

கீப்பரை வெளியே எடுப்பது முட்டாள்தனமாகத் தெரியும். காரணம் இது: ஓர் அணி தப்பு செய்கிறது, பக் அடுத்த அணியிடம் இருக்கிறது. ரெஃப்ரி கையைத் தூக்கி நிற்பாரே தவிர விசில் ஊத மாட்டார். தப்பு செய்த அணி பக்கைத் தன்வசப்படுத்திய நொடியில் விசில். ஆகவே அவர்கள் கோல் அடிக்க வழியே இல்லை. நம்ம கீப்பர் சும்மா நிற்பதற்குப் பதில் ஓர் ஃபார்வர்ட் இறங்கலாம். வரக்கூடிய ஒரே ஆபத்து சொந்தக்காரரின் தப்பான பாஸ். கீப்பர் தடுத்ததில் பக் அவர்மீது பட்டால் அது வசப்படுத்தியதாகாது, அதனால்தான் பில்லி ஸ்மித் மீது பட்ட பிறகும் ஆட்டம் ஓடியது. இப்படி ஒரு கோல் விழுந்தால் ஷீட்டில் இரண்டு பதிவு வர வேண்டும்: கோல், தப்பு செய்த அணியில் கடைசியாகத் தொட்டவருக்கு, பெனால்டியும் அதே அணிக்கு, ரத்தாகாமல். கோல் வாங்கிய அணியின் கீப்பர் வெளியே இருந்ததால் அவர் கணக்கில் இந்தக் கோலை ஏற்றக் கூடாது.

செல்லாத கோல்களில் இரண்டு மூன்று குழப்பம் தரும். தாக்கும் அணிக்காரர் ஸ்டிக்கைக் குறுக்குக் கம்பிக்கு மேலே தூக்கிப் பக்கை அடித்து உள்ளே போட்டால் செல்லாது. டிஃபெண்டர் அதே மாதிரி தூக்கித் தன் வலைக்குள் அடித்துக்கொண்டால் செல்லும். தாக்குகிறவர் வேண்டுமென்றே காலால் உதைத்த பக் யாருடைய உடம்பில் பட்டு உள்ளே போனாலும் என்எச்எல்லில் செல்லாது. கீப்பர் தவிர வேறு ஒருவர் ஸ்டிக்கில் பட்டுப் போனால் செல்லும். ரெஃப்ரி மீது பட்டு நேராக உள்ளே போனால் செல்லாது.

ஹாக்கி: டி-க்குள் தொட்டாரா?

நம்ம ஹாக்கியில் கேள்வியே வேறு. 14.63 மீட்டர் ஆரமுள்ள டி-க்குள் தாக்கும் அணிக்காரர் ஒருவர் பந்தை ஆடியிருக்க வேண்டும். ஆடியிருந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ டிஃபெண்டர் மீது பட்டது பொருட்டில்லை. கோல், ஆடியவர் பெயரில். பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் டிஃபெண்டரின் ஸ்டிக்கில் மோதிச் சுழன்று போனாலும் ஃபிளிக் அடித்தவருக்குத்தான். ஆடியிருக்காவிட்டால், வெளியிலிருந்து அடித்த பந்தை டிஃபெண்டர் தடுமாறித் தன் கோலுக்குள்ளேயே விட்டுக்கொண்டாலும் கோல் கிடையாது. தெரியாமல் பட்டதென்றால் தாக்கும் அணிக்கு 23 மீட்டர் கோட்டிலிருந்து கார்னர். யார் மீதும் படாமல் நேராக உள்ளே போயிருந்தால் தடுக்கும் அணிக்கு 15 மீட்டர் ஹிட். கோவில்பட்டியில் சின்ன வயதிலேயே இது தெரிந்துவிடும். ஃபுட்பாலிலிருந்து வந்த ஸ்கோரர்தான் போர்டில் ஒன்றைக் கூட்டிவிட்டு அசடு வழிவார்.

2013 தொடக்கத்தில் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் இதை மாற்றிப் பார்த்தது. வெளியிலிருந்து வந்த பந்து டி-க்குள் டிஃபெண்டரின் ஸ்டிக்கிலோ உடம்பிலோ பட்டுப் போனாலும் கோல் என்றது. கோல் கூடும், ரசிகர் கூடுவார்கள் என்று கணக்கு. நடந்தது என்னவென்றால் கூட்டமாக நிற்கும் டி-க்குள் வெளியிலிருந்து கண்மண் தெரியாமல் அடிக்கிற ஆசை வந்துவிட்டது. யார் காலில் பட்டாலும் லாபம்தானே! ஆபத்து என்று எதிர்ப்பு எழுந்தது, அதே வருடம் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய விதிதான் இப்போதும். 2013ஆம் ஆண்டு விதிக் கையேடு ஏதாவது உங்கள் கிளப் அலமாரியில் இருந்தால் இந்தப் பக்கத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பால்: குறி எங்கே இருந்தது?

மூன்றில் ஃபுட்பால் மட்டும்தான் தவறியவர் பெயரை எழுதும். விதிப்புத்தகம் பந்து கோட்டை முழுசாகத் தாண்டியதா என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பெயர் யாருக்கு என்பது போட்டி நடத்துகிறவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். அந்த வழக்கம் பெரிய போட்டிகளில் ஏறத்தாழ ஒன்றே: ஷாட் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்து டிஃபெண்டர் மீது பட்டுத் திசை மாறினால் அடித்தவருக்கு. வெளியே போக வேண்டிய பந்தையோ, கிராஸையோ டிஃபெண்டர் உள்ளே திருப்பிவிட்டால் அவர் பெயர், பக்கத்தில் ஓஜி (ஓன் கோல்). ஆகவே முதலில் கேட்டு வந்த பையனுக்குப் பதில் இதுதான்: உன் பந்து டிஃபெண்டர் முழங்காலில் படாமல் இருந்திருந்தால் கம்பத்துக்கு உள்ளே போயிருக்குமா, வெளியே போயிருக்குமா?

கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து கீப்பர் மீது பட்டு உள்ளே போனால் கீப்பருக்கு ஓஜி. 2014 உலகக் கோப்பையில் பென்செமா அடித்து ஹோண்டுராஸ் கீப்பர் நோயல் வயாதாரெஸ் பெயரில் போன கோல் அப்படி. உலகக் கோப்பையில் கோல் லைன் தொழில்நுட்பம் தீர்த்து வைத்த முதல் கோலும் அதுதான். 2018இல் கோஸ்டாரிகாவின் பெனால்டி குறுக்குக் கம்பியில் பட்டு சுவிட்சர்லாந்து கீப்பர் யான் சோமர் மீது பட்டு உள்ளே போனபோதும் சோமர் பெயர்தான். அந்த உலகக் கோப்பையில் மட்டும் 12 ஓஜி. அதற்கு முந்தைய அதிகபட்சம் 1998இல் 6.

எழுதும் முறை: லாபம் அடைந்த அணியின் பத்தியில், தவறியவர் நம்பர். 2023 ஜூன் 27, பெங்களூரு கண்டீரவா மைதானம், சாஃப் கோப்பை, இந்தியா–குவைத். முதல் பாதியின் கடைசியில் சுனில் சேத்ரி கோல் போட்டு இந்தியா 1–0. 90+2இல் கிராஸை வெளியேற்றப் போன அன்வர் அலியின் காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள். 1–1. அந்த ஆட்டத்தின் ஷீட்டில் குவைத் பத்தியில் இருக்கிற ஒரே பெயர் ஓர் இந்தியருடையது. இறுதி ஆட்டத்தில் இதே குவைத்தைப் பெனால்டியில் வென்று இந்தியாதான் கோப்பையை எடுத்தது என்பது வேறு.

டோர்னமெண்ட் முடிவில் டாப் ஸ்கோரர் பரிசுக்குக் கூட்டும்போது ஓஜியைத் தவறியவரின் தனிக் கணக்கில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கிற கூத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரிபார்த்துவிடுங்கள்: அணியின் ஸ்கோர் என்பது அதன் ஆட்டக்காரர்கள் போட்ட கோலோடு எதிரணியின் ஓஜியைக் கூட்டியது. இடித்தால் எங்கோ பத்தி மாறியிருக்கிறது.

சேம் சைடு போல் தெரிந்து கோலாகாதவையும் உண்டு. த்ரோ இன், ஃப்ரீ கிக், கோல் கிக், கிக் ஆஃப் எதுவானாலும், எடுத்தவரிடமிருந்து வேறு யாரும் தொடாமல் சொந்த வலைக்குள் போனால் கோல் இல்லை, எதிரணிக்குக் கார்னர்.

பெயர் எழுதுவதில் ஒரு பாரம் இருக்கத்தான் செய்கிறது. 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுடனான உலகக் கோப்பை ஆட்டத்தில் ஓஜி போட்ட கொலம்பிய டிஃபெண்டர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய பின் ஜூலை 2 அன்று மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொல்வதால் ஓஜியை மறைத்து எழுதச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக்கில் கத்தாதீர்கள் என்கிறேன். சிறுவர் ஆட்டத்தில் ஷீட்டில் நம்பர் இருந்தால் போதும். “சேம் சைடு போட்டவர் இன்னார்” என்று ஸ்பீக்கரில் சொல்ல எந்த விதியும் கேட்கவில்லை.

விதி எழுதும் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 1994இல், ஜனவரி 27 அன்று, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் கிரனடாவை வெல்ல வேண்டியிருந்தது. கூடுதல் நேரத்தில் விழும் கோல்டன் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று யாரோ புத்திசாலி விதி எழுதியிருந்தார். கடைசி நிமிடங்களில் 2–1 என்று முன்னணியில் இருந்த பார்படோஸ், அந்த ஒரு கோல் போதாது என்று உணர்ந்து வேண்டுமென்றே சேம் சைடு போட்டு 2–2 ஆக்கியது. அதற்குப் பிறகு கிரனடா எந்த வலைக்குள் போட்டாலும் தப்பிக்கும் என்பதால், பார்படோஸ்காரர்கள் இரண்டு கோலையும் காவல் காத்தார்கள். கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 4–2 என்று முடித்தார்கள். தண்டனை ஏதும் இல்லை, விதிக்குள்தானே ஆடினார்கள். “இந்தக் கோலுக்கு ரெண்டு மார்க்” போன்ற யோசனைகள் டீக்கடையில் நன்றாக இருக்கும்.

திருத்தமும் கையெழுத்தும்

கோல் உண்டா இல்லையா என்பது ரெஃப்ரியின் முடிவு, அதில் ஸ்கோரர் வாய் திறக்கக் கூடாது. பெயர் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். ஐஸ் ஹாக்கியின் சிறுவர் ஆட்டங்களில் ரெஃப்ரியே மேசைக்கு வந்து கோல், அசிஸ்ட் நம்பர்களைச் சொல்லிவிட்டுப் போவார், நீங்கள் எழுத வேண்டியதுதான். என்எச்எல்லில் அதற்கென இருக்கும் ஸ்கோரர் வீடியோவைப் பார்த்துத் தீர்மானிப்பார். மாற்றம் கேட்பதென்றால் கேப்டன் கேட்க வேண்டும், அதுவும் ஆட்டம் முடிவதற்குள். இந்தக் கடைசி விதியை நம்ம ஊர் ஃபுட்பாலுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பரிசளிப்பு மேடையில் வந்து நிற்கும் தகராறில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

திருத்தும்போது ஒயிட்னர் போடாதீர்கள். பழைய நம்பர்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் புது நம்பர், உங்கள் சுருக்கொப்பம், நேரம். பிறகு இரண்டு கேப்டனையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஷீட்டின் அடியில் ரெஃப்ரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.